பென்மோர் டீ விளம்பரத்தில் விழுந்தவள்

எட்மண்டன்
11 ஜனவரி 1999

அம்மா,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. கோபத்தில் புள்ளிகளைக் குத்துகிறேன், சில இடங்களில் தாள் ஓட்டையாகியிருக்கும். விரலால் தடவிப் பார்த்து நீயே ஊகித்துக்கொள்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து எங்கள் அணியில் மூன்று பேரும் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தோம். சுவரில் இருந்த டிவியில் ஐஸ் ஹாக்கி ஓடியது. இடைவேளை வந்தது. ஒரு வயலின் அழுதது. அதன் பின்னால் உன் குரல். "சின்னதுல ரொம்பப் பயந்த பிள்ளை. எதுக்கெடுத்தாலும் நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்." கடைசியில் ஒரு ஆண் குரல், பென்மோர் டீயில் ஒரு கையின் சூடு இருக்கிறது என்றது.

நான் பயந்த பிள்ளையா? மீன் ஆலைக் கூரையில் ஏறி நின்றதற்கு ஒரு வாரம் என்னை வீட்டில் அடைத்தாயே, அது யார்?

இலையுதிர் காலத்தில் அந்த விளம்பரக்காரன் டெரெக் இரண்டு நாள் எங்கள் அரங்கில் படம் எடுத்தான். பார்வையில்லாதவர்கள் ஆடும் கோல்பால் பற்றி நாட்டுக்கே சொல்லப்போகிறோம் என்றான். எங்கள் பந்துக்குள் மணி இருக்கிறது, அதன் சத்தத்தைக் கேட்டுத்தான் தடுக்கிறோம் என்று பத்து வருடமாக உனக்குச் சொல்லிவருகிறேன். அந்த மணி விளம்பரத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பந்து உருளும்போது எங்கள் அரங்கில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். விளம்பரத்தில் ஆயிரம் பேர் கத்துகிறார்கள்.

அவன் நம் வீட்டுக்கு வந்தது எனக்கு ஏன் தெரியாது?

இன்னொன்று. படத்தில் என்ன வருகிறது? பயிற்சியாளர் நோர்மாவிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்று தொண்டையைக் கனைக்கிறாள். கூட ஆடும் கெய்லுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. கடற்கரையில் யாரோ குழந்தை என்கிறாள், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். உனக்கு மறைக்கத் தெரியாது. உள்ளதைச் சொல்.

ட்ரூடி


கன்னர்ஸ் டிக்கிள், நியூஃபவுண்ட்லாந்து
24 ஜனவரி 1999

ட்ரூடிக்கு,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்தில் பெர்த்தா என் கையில் கொடுத்து, "என்ன எழுதியிருக்கா, ரொம்பப் பெருமையா இருக்காளா?" என்று கேட்டாள். நல்லவேளை, இந்த ஊரில் உன் எழுத்தைப் படிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. ஆமாம், ரொம்பப் பெருமையாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்குத் தெரியாமல் ஏன் வரவிட்டேன் என்கிறாய். உனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று டெரெக்தான் சொல்ல வேண்டாம் என்றான். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினான். என் பட்டாணி சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்தான். இப்படிப்பட்டவனைச் சந்தேகப்பட எனக்கு என்ன வந்தது?

இரண்டு மணி நேரம் பேசினேன். கூரையில் ஏறியதைச் சொன்னேன். உன் அண்ணன் படகை நீயே ஓட்டிப் பாறையில் மோதியதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் தண்ணீர். கடைசியில்தான் கேட்டான், "பயந்த நாள்னு ஒண்ணாவது இருந்திருக்குமே அம்மா?" ஹாலிஃபாக்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்கு உன்னைக் கொண்டுவிட்ட நாளைச் சொன்னேன். ஆறு வயது, புது இடம், அன்று பயந்தாய். அன்றைக்கு ஒரு நாள். அதைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறான். அதற்கு நான் என்ன செய்ய?

படம் கேட்டாய். சொல்கிறேன். முதலில் ஒரு சின்னப் பெண் கடற்கரையில் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடவித் தடவி வருகிறாள். நம் கடற்கரை இல்லை, மணலாக இருக்கிறது. தடுக்கி விழுகிறாள். அப்புறம் பெரியவளாக நீ வருகிறாய். அரங்கில் நீயும் விழுகிறாய். மெதுவாகக் காட்டுகிறார்கள், பாவமாக இருக்கிறது. தரையில் நீளமாகக் கிடக்கிறாய். பிறகு கண்ணை மூடியிருக்கும் அந்தக் கறுப்புப் பட்டையை நீ தூக்குகிறாய், உன் கண்ணைப் பக்கத்தில் காட்டுகிறார்கள். கடைசியில் ஒரு வயதான கை உன் கையில் டீக்கோப்பையை வைக்கிறது. அது என் கை இல்லை. என் கையில் மீன் கத்தித் தழும்பு இருக்கிறதாம், பார்க்க நன்றாயிராதாம்.

ஊரே அழுதது, ட்ரூடி. மாதாகோவிலில் பாதிரியார் என் பெயரைச் சொன்னார். உன்னிடமிருந்துதான் ஒரு நல்ல வார்த்தை இல்லை.

அம்மா


எட்மண்டன்
6 பிப்ரவரி 1999

அம்மா,

நான் விழவில்லை.

இதை மூன்று தடவை குத்தலாம் என்றிருந்தேன், தாளை வீணாக்குவானேன். நான் விழவில்லை. பந்து ஒரு கிலோவுக்கு மேல் கனம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவள் முழுப் பலத்தோடு உருட்டிவிடுவாள். சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டு, உடம்பை முழுசாகக் குறுக்கே எறிந்து, வயிற்றாலும் தொடையாலும் அதை நிறுத்த வேண்டும். அதுதான் எங்கள் ஆட்டம். அன்றைக்கு நான் நிறுத்தியவற்றிலேயே நல்லது அது, எழுந்ததும் நோர்மா முதுகில் அறைந்தாள். பந்து இல்லாமல் அதைக் காட்டினால் பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு குருடி தடுக்கி விழுந்தாள் என்று தெரியும்.

கண்மறைப்பைத் தூக்கியது என் தப்பு. ஆட்டத்தின் நடுவில் அதைத் தொட்டாலே தண்டனை. எங்களில் கொஞ்சம் பார்வை உள்ளவளும் அறவே இல்லாதவளும் சமமாக ஆட வேண்டும் என்றுதான் அதைக் கட்டுகிறோம். "ஒரு நிமிஷம், வெளிச்சம் சரி பாக்கத்தான்" என்றான். தூக்கினேன். என் கண்ணை விற்றுவிட்டான்.

நோர்மாவின் தம்பி வக்கீல். டெரெக்குக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தத் தாளைப் படித்துப் பார்த்தார். டெரெக் எனக்கு வாசித்துக் காட்டிய முதல் பக்கத்துக்குப் பின்னால் இன்னும் நான்கு பக்கம் இருந்திருக்கிறது. நான் ஒன்றும் செய்ய முடியாது. நீ முடியும். வீட்டில் குரல் கொடுத்தவர்களின் தாள் வேறு மாதிரியாம், விளம்பரம் வெளிவந்து தொண்ணூறு நாளுக்குள் குரலைத் திரும்பப் பெறலாமாம். ஏப்ரல் ஒன்பது வரை நேரம் இருக்கிறது. உன் குரல் போனால் அந்த விளம்பரத்தில் மிச்சம் வயலின்தான்.

எழுதிக் கொடு, அம்மா. ஒரு வரி போதும்.

ட்ரூடி


கன்னர்ஸ் டிக்கிள்
20 பிப்ரவரி 1999

ட்ரூடிக்கு,

மாட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு மீன் வெட்டப் போனவள் நான். முப்பத்தோரு வருடம் அந்த ஆலையில் நின்றேன். ஒரு நாள் பூட்டினான்கள், பேர் சொல்லிக்கூட யாரும் அனுப்பவில்லை, வரிசை எண்ணைச் சொல்லி அனுப்பினான்கள். இப்போது ஏழு வருடம் கழித்து நான் கடைக்குப் போனால் கதவைத் திறந்து பிடிக்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிடுகிறார்கள். அதை ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா?

உனக்கு வெட்கம், எனக்குத் தெரியும். உனக்கு ஒரு அம்மா கை கொடுத்தாள் என்று நாலு பேருக்குத் தெரிவதில் வெட்கம். கை கொடுக்கவில்லையா நான்? ஹாலிஃபாக்ஸில் என் கடிதத்தை டீச்சர் உனக்கு வாசித்துக் காட்டுகிறாள் என்று தெரிந்ததும், நமக்குள் இன்னொருத்தி எதற்கு என்று சமையல் மேசையில் உட்கார்ந்து இந்தப் புள்ளி எழுத்தைக் கற்றேன். ஒரு குளிர்காலம் முழுக்கக் கற்றேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நீ விழவில்லை என்கிறாய். எனக்கு எப்படித் தெரியும்? பத்து வருடத்தில் ஒரு ஆட்டத்துக்காவது என்னைக் கூப்பிட்டாயா? ஆலை இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய வாய், அங்கே வந்து மானத்தை வாங்கும் என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம். அவன் சொல்லிவிட்டான்.

நீ கூப்பிடாவிட்டால் என்ன? மார்ச்சில் செயிண்ட் ஜான்ஸில் நடக்கும் போட்டிக்கு டெரெக் கூப்பிட்டிருக்கிறான். முன்வரிசையில் இடமாம். வருகிறேன். பிடித்தால் பேசு.

அம்மா


கன்னர்ஸ் டிக்கிள்
16 மார்ச் 1999

ட்ரூடி,

உதட்டில் எத்தனை தையல்? பேருந்து வரை ஓடி வந்தேன், நீ ஏறிவிட்டாய். கெய்ல்தான் ஜன்னலைத் தட்டிக் காட்டினாள். நீ இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாதது நியாயம்.

நடந்ததை நானே சொல்கிறேன், வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது.

வாசலிலேயே டெரெக் எல்லாருக்கும் பச்சைத் தொப்பியும் கைப்பிடி போட்ட ஒரு மணியும் கொடுத்தான். பென்மோர் என்று எழுதிய மணி. மணிச் சத்தத்தைக் கேட்டு ஆடும் ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு, ஆளுக்கொரு மணி. பந்து உருளும்போது சத்தம் கூடாது என்று என் மகள் சொல்லியிருக்கிறாளே என்றேன். "அதெல்லாம் பேசி வச்சிருக்கோம் அம்மா, நீங்க ஆட்டுங்க, கேமரா உங்களைத்தான் பாத்துட்டிருக்கு" என்றான். போட்டி நடத்துகிறவர்களில் ஒரு தடியான அம்மாள் வந்து மற்றவர்களிடமிருந்து மணிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனாள். நான் என்னுடையதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அது என் புத்தி.

முதலில் மணியின் நாக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ தரையில் ஒட்டியிருந்த கயிற்றை விரலால் தடவி உன் இடத்தைப் பார்த்தாய். பந்து வந்தது. நீ பாய்ந்தாய். சத்தம் கேட்டது, மாவு மூட்டையைப் படகில் போடுகிற சத்தம். பந்து உன் வயிற்றில். நீ நீளமாகக் கிடந்தாய், கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியில் கிடந்தாயே, அதே கிடை. அப்போது நீ கிடந்தது இதுதான். பந்து இருக்கிற பாதியை வெட்டி எறிந்துவிட்டுக் கிடந்த பாதியை மட்டும் நாட்டுக்கே காட்டியிருக்கிறான்கள். அதற்கு என் குரலைப் பின்னால் ஓடவிட்டிருக்கிறான்கள். நானும் பாவம் என்று சொன்னேன். உன்னிடமே சொன்னேன்.

இரண்டாவதையும் நிறுத்தினாய். மூன்றாவதை நிறுத்தியதும் எனக்கு உடம்பு நிற்கவில்லை. எழுந்து மணியை ஆட்டி, "அவ என் பொண்ணு" என்று கத்தினேன். ஆலை வாய். அதற்குள் அடுத்த பந்து கிளம்பிவிட்டது. நீ பந்தை விட்டுவிட்டு என் மணியின் பக்கம் பாய்ந்தாய். கெய்லின் முட்டி உன் வாயில். உன்னை வெளியே உட்கார வைத்தார்கள், உங்கள் பக்கம் தோற்றது. இது என் கையால் நடந்தது.

அந்தத் தடியான அம்மாளே வந்து என்னை வெளியே கூட்டிப் போனாள். குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருநூறு பேர் இருக்கிறார்கள், மூச்சுச் சத்தம் இல்லை. கதவுக்கு இப்பால் பந்து ஒன்றுதான் கேட்டது. கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டிய ஆள் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருத்திதான்.

டெரெக் கேமராவோடு வெளியே வந்தான். "இப்ப மனசு எப்படி இருக்கும்மா? ரத்தம் நல்லா விழுந்திருக்கு, அவளைப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கங்களேன்" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம், ட்ரூடி. பெரிய மீன் மாட்டினவன் முகம். தொப்பியைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். என் குரலைத் திரும்பக் கொடு என்று அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று பெர்த்தாவிடம் பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்பினேன். ஏப்ரல் ஒன்பதுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துத் தொலைப்பாய். இப்போதைக்கு வேண்டாம்.

அம்மா


எட்மண்டன்
5 ஏப்ரல் 1999

அம்மா,

நான்கு தையல். பிரித்தாகிவிட்டது. சூப் குடித்தால் இன்னும் ஒழுகுகிறது.

"முன்வரிசையில இருக்கிற அந்த அம்மாவை வெளியே அனுப்புங்க" என்று நடுவர் சொன்னபோதே எனக்குத் தெரியும். வேறு யாருக்கு அந்தத் தொண்டை இருக்கிறது? பேருந்தில் ஒருத்தி உன் மாதிரியே கத்திக் காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உதடு விடவில்லை என்று வைத்துக்கொள்.

நீ எழுதிக் கொடுத்ததற்காகச் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. என்னை நீ நம்பவில்லை. மூன்று பந்தை உன் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினாய். கண் இருப்பவர்களுக்கு எல்லாம் இதே நோய்தான். நான் சொன்னபோது அது போதவில்லை.

ஒரு செய்தி. உன் கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உன் குரலை எடுத்துவிட்டார்கள். விளம்பரம் நிற்கவில்லை. நேற்றும் வந்தது. டிவியைப் போட்டுக் கேள். நான் சொல்ல மாட்டேன். நீயே கேட்டால்தான் நன்றாக இருக்கும்.

ட்ரூடி


கன்னர்ஸ் டிக்கிள்
19 ஏப்ரல் 1999

ட்ரூடி,

கேட்டேன். அந்தப் பொம்பளை யார்?

எங்கிருந்து பிடித்தான்கள் அவளை? கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறவள் மாதிரிப் பேசுகிறாள். நான் சொன்னதையே சொல்கிறாள், ஒரு எழுத்து மாறாமல். "என் பொண்ணு" என்கிறாள். உன்னைச் சொல்கிறாள். உன்னைப் பெற்ற அன்று பனிப்புயல், மருத்துவச்சி நாய்வண்டியில் வந்தாள், அது அவளுக்குத் தெரியுமா? பெர்த்தா என்னைப் பார்த்து, "சளி பிடிச்சிருக்கா மில்லி, குரல் ஒரு மாதிரி இருக்கே?" என்கிறாள். கடையில் எல்லாரும் அதையே நான் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள். நான் அங்கே நின்றுகொண்டிருக்கிறேன், ட்ரூடி. நிற்கிற என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டு உருகுகிறார்கள்.

உனக்கு ஜனவரியில் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. போன கடிதத்தில் நீ சொல்ல மாட்டேன் என்றது அதைத்தானே.

டீப்பெட்டியின் அடியில் ஒரு தொலைபேசி எண் போட்டிருந்தது. அடித்தேன். தரத்துக்காக இந்தப் பேச்சு பதிவு செய்யப்படும் என்றது ஒரு இயந்திரம். நல்லது, பதிவு செய் என்றேன். ஒரு பெண் வந்தாள். பதினோரு நிமிடம் அவள் வாயைத் திறக்க விடவில்லை. பந்தைச் சொன்னேன். மணி கொடுத்த மடத்தனத்தைச் சொன்னேன். "எம் பொண்ணு விழலடி, அவ தடுத்தா. விழுந்தது நீங்க" என்றேன். தழும்புக் கை வேண்டாம் என்றவன் என் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தான் என்றேன். உங்கள் டீ பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது, இருபது வருடமாகப் பழக்கத்தில் குடிக்கிறேன் என்றேன். கடைசியில் அந்தப் பெண், "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்று கேட்டாள். பாவம், அப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா


எட்மண்டன்
3 மே 1999

அம்மா,

உட்கார்ந்துகொண்டு படி.

டெரெக் நோர்மாவைக் கூப்பிட்டுப் பேசினான், என்னோடு பேசப் பயம். உன் பதினோரு நிமிடத்தை ஆபீஸில் எல்லாரும் கேட்டார்களாம். மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டினாராம். "இந்தக் கோபம் உண்மையானது, இப்படிப்பட்ட அம்மாவைத்தான் ஜனங்க விரும்புவாங்க" என்றாராம். நீ சம்மதித்தால் பழைய விளம்பரத்தை அடுத்த வாரமே எடுத்துவிடுவார்களாம். வயலின், கடற்கரைக் குழந்தை, என் கண், கையுறைக்காரி, எல்லாம் போய்விடும். அதற்குப் பதில் உன் திட்டில் முப்பது விநாடி. நீ திட்டத் திட்ட நான் பந்தைத் தடுக்கிற படம். இந்த முறை பந்தோடு. நீ ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

எதை முப்பது விநாடியில் வைப்பார்கள் என்று கேட்கச் சொன்னேன். "எம் பொண்ணு" என்பதும் "அவ தடுத்தா" என்பதும் இருக்குமாம். மணி இருக்காது. பாத்திரம் கழுவிய தண்ணீர் இருக்காது. "விழுந்தது நீங்க" என்பது கொஞ்சம் காரமாம், யோசிக்க வேண்டுமாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆசையாக இருக்கிறது. நாலு மாதமாக ஹாக்கி இடைவேளை வந்தால் எழுந்து கழிப்பறைக்குப் போகிறேன். மளிகைக் கடை வாசலில் ஒருத்தி என் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைத்தாள், எனக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம் தொலைந்தால் போதும் என்று இருக்கிறது. அதே நேரம், உன் கோபத்தையும் பெட்டியில் அடைத்து விற்பான்கள் என்பதும் தெரிகிறது.

பிப்ரவரியில் உன்னை எழுதிக் கொடு என்று நெருக்கினேன். இந்தத் தடவை நெருக்க மாட்டேன். உன் குரல். நீ சரி என்றால் சரி என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன், வேண்டாம் என்றால் அந்தக் கையுறைக்காரியோடு இன்னும் ஒரு வருடம் வாழ்ந்து தொலைக்கிறேன்.

ட்ரூடி


கன்னர்ஸ் டிக்கிள்
12 மே 1999

ட்ரூடி,

உன் கடிதத்தை நாலு தடவை தடவினேன். ஆசையாக இருக்கிறது என்ற இடத்தில் புள்ளி லேசாகக் குத்தியிருக்கிறாய், எனக்குத் தெரியாமல் போகட்டும் என்பது போல. தெரிந்துவிட்டது.

டெரெக் என்னையும் கூப்பிட்டான். தேனாகப் பேசினான். ஊருக்கு நீங்கள்தான் மறுபடி ராணி என்றான். பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. கதவைத் திறந்து பிடிப்பார்களே என்று நினைத்தேன். அப்புறம் அந்த வாசலில் நின்ற அவன் முகம் வந்தது, உன் உதட்டு ரத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முகம். நான் அவனிடம் இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசினேன், அதில் ஒரே ஒரு பயந்த நாளை எடுத்தான். நீ எத்தனையோ பந்து தடுத்தாய், அதில் ஒன்றை விழுந்ததாக்கினான். இப்போது பதினோரு நிமிடம் திட்டியிருக்கிறேன். அதிலிருந்து அவன் எடுக்கப்போவது எதுவாக இருந்தாலும் அது நானாக இருக்காது. கடைசியில் அவன் டீயை நான் வாழ்த்தியது போல வந்து நிற்கும்.

ஆனாலும் அந்தப் படம் உன்னைத் தெருவில் பிடித்து இழுக்கிறது என்கிறாய். அதையும் நான் விட்டுவிட முடியாது.

ஆகையால் என் பதில் இதுதான், நோர்மாவிடம் சொல்லி எழுத்தில் கொடுக்கச் சொல். என் குரல் வேண்டுமானால் தருகிறேன். முழுசாக. பதினோரு நிமிடமும். மணி கொடுத்த மடத்தனம், பட்டாணி சூப், பாத்திரம் கழுவிய தண்ணீர், விழுந்தது நீங்கள் என்றது, எல்லாம் வரிசை மாறாமல் வர வேண்டும். நடுவில் அந்தப் பெண் இரண்டு தடவை இருமினாள், அதுவும் வேண்டும். பின்னால் வயலின் கூடாது. நீ தடுக்கும்போது பந்தின் மணி கேட்க வேண்டும். ஹாக்கி இடைவேளை போதாது என்றால் ஹாக்கியை நிறுத்திவிட்டுப் போடட்டும்.

ஒரு சொல் வெட்டுவதாக இருந்தாலும் என்னிடம் வரவேண்டாம், அதற்கு ஒரு அம்மாவை ஏற்கெனவே கூலிக்குப் பிடித்து வைத்திருக்கிறார்களே.

அம்மா